ஓனோ சமவெளிக்கு வந்த அழைப்பு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



வீடு மந்திரிக்கப் போகும்போதும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போதும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தேநீர் குடித்து முடித்து, எழுந்திருக்கப் போகும் நேரத்தில்தான் அது வரும். "சாமி, ஏமாத்துறாங்கன்னு நல்லாத் தெரியுது. தெரிஞ்சும் பொறுத்துத்தான் போகணுமா? கிறிஸ்தவங்கன்னா ஏமாளியா இருக்கணுமா?"

கேட்கிறவர் சும்மா கேட்பதில்லை. கூடப்பிறந்தவரே வெற்றுப் பத்திரத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துத்தானே" என்கிறார். சீட்டுப் பிடித்தவர் கம்பி நீட்டிவிட்டு, ஒரு வருடம் கழித்துப் புன்னகையோடு வந்து மறுபடியும் சேரச் சொல்கிறார். அலுவலகத்தில் முகத்துக்கு முன்னால் சிரிப்பவர், மேலாளர் அறைக்குள் போனதும் கோள் சொல்கிறார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் குரல், கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்கிறது. சில வீடுகளில் இதைவிடக் கொடுமை: அடிக்கிறவரும் மிரட்டுகிறவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

இப்படிப்பட்ட நேரங்களில் நமக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்பது ஒன்று. "முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும், நீயும் அவனைப் போல ஆகிவிடு" என்பது மற்றொன்று. முதலாவது பக்தியாகத் தெரிகிறது, இரண்டாவது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. நம் ஆண்டவர் இந்த இரண்டையுமே சொல்லவில்லை.

ஆண்டவர் சேர்த்து வைத்த இரண்டு

மத்தேயு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், இயேசு தம் பன்னிரு திருத்தூதரையும் முதன்முறையாகப் பணிக்கு அனுப்புகிறார். ஓநாய்களிடையே போகும் ஆடுகளைப் போல அவர்களை அனுப்புவதாக வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அதனால் அவர்கள் பாம்பைப் போல முன்மதியோடும், புறாவைப் போலக் கபடில்லாமலும் இருக்க வேண்டும் என்கிறார் (மத் 10:16). அடுத்த வசனத்திலேயே, மனிதரைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார். சற்றுத் தள்ளி, ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போகவும் சொல்கிறார் (10:23). ஆக, ஆபத்தைக் கண்டு விலகுவது விசுவாசக் குறைவு ஆகாது. அது ஆண்டவரே கொடுத்த அறிவுரை.

இந்த வசனத்தில் உள்ள இரண்டு கிரேக்கச் சொற்களைக் கவனித்தால் பொருள் தெளிவாகும். 'முன்மதி' என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் உள்ள சொல் 'ஃப்ரோனிமோஸ்'. பாறைமேல் வீடு கட்டிய மனிதரையும், விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்ற ஐந்து கன்னியரையும் மத்தேயு இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். மழை வரும் என்று தெரிந்து அடித்தளம் போடுவதும், இரவு நீளலாம் என்று தெரிந்து எண்ணெய் எடுத்துவைப்பதும்தான் முன்மதி. வருவதை முன்கூட்டியே பார்க்கும் கண் அது. 'கபடற்ற' என்னும் இடத்தில் உள்ள சொல் 'அகெராயோஸ்'. கலப்படம் இல்லாதது என்று அதற்குப் பொருள். தண்ணீர் கலக்காத திராட்சை இரசத்தையும், வேறு உலோகம் சேராத உலோகத்தையும் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆகவே, புறா ஒன்றும் தெரியாத அப்பாவி என்று ஆண்டவர் சொல்லவில்லை. உள்ளத்தில் நஞ்சு கலக்காதவராக இருங்கள் என்கிறார்.

கண் தெளிவாக இருக்க வேண்டும், உள்ளம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடக் கூடாது. நம் திருஅவையின் மறைக்கல்வி நூல், 1806-ஆம் எண்ணில், முன்மதியை நற்பண்புகளின் தேரோட்டி என்று அழைக்கிறது. அதைக் கோழைத்தனத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இரட்டை வேடத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அங்கே தெளிவுபடுத்துகிறது.

இதை வாழ்ந்து காட்டிய ஒரு பொதுநிலையினர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறார். அவர் குருவும் அல்ல, இறைவாக்கினரும் அல்ல, அரசு ஊழியர். அவர் பெயர் நெகேமியா.

மதில் கட்ட வந்தவர்

பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்து ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களில் ஒரு பகுதியினர் நாடு திரும்பியிருந்தார்கள், கோவிலும் மீண்டும் எழுந்திருந்தது. நகரத்தின் மதில் மட்டும் இடிந்தே கிடந்தது. மதில் இல்லாத நகரம் கதவில்லாத வீடு மாதிரி, யார் வேண்டுமானாலும் நுழையலாம். அப்போது பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவுக்குத் திராட்சை இரசம் பரிமாறும் பொறுப்பில் இருந்தவர் நெகேமியா. கி.மு. 445-இல் அவர் மன்னரின் அனுமதியோடும் கடிதங்களோடும் எருசலேம் வந்து சேர்ந்தார்.

வந்ததும் கூட்டம் போட்டு முழங்கவில்லை. மூன்று நாள் அமைதியாக இருந்தார். பிறகு ஓர் இரவில், ஒருசிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். கடவுள் தம் உள்ளத்தில் வைத்திருந்ததை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று அவரே எழுதுகிறார் (நெகே 2:12).

அவருக்கு எதிரிகள் இருந்தார்கள். சன்பலாற்று முதலாமவர். எகிப்து நாட்டின் எலிபன்டைன் தீவில் கிடைத்த, கி.மு. 407-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடிதம் அவரைச் சமாரியாவின் ஆளுநர் என்று குறிப்பிடுகிறது. அதிகாரம் உள்ள மனிதர். அம்மோனியரான தோபியா இரண்டாமவர். யூதாவின் பெரிய குடும்பங்களில் அவருக்குச் சம்பந்தம் இருந்தது. எருசலேமின் பெரிய மனிதர்களே அவருக்குக் கடிதம் எழுதி, நகரத்துச் செய்தியை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் அரேபியரான கெசேம்.

முதலில் இவர்கள் கேலி செய்தார்கள். ஒரு நரி ஏறினாலே அந்த மதில் இடிந்துவிடும் என்று தோபியா நக்கலடித்தார். கேலி பலிக்காதபோது ஆயுதத்தோடு வரத் திட்டமிட்டார்கள். அப்போது நெகேமியாவும் மக்களும் செய்ததை நாம் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்: இறைவனிடம் மன்றாடினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். மன்றாடியதால் காவல் தேவையில்லை என்று நினைக்கவில்லை. காவல் இருப்பதால் மன்றாட்டு வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் செபமாலை சொல்லும் நம் பாட்டிமாருக்கு இது புதிய பாடம் அல்ல.

கேலியும் மிரட்டலும் தோற்றபின், ஆறாம் அதிகாரத்தில் சூழ்ச்சி தொடங்குகிறது. மூன்று வலைகள் விரிக்கப்படுகின்றன.

முதல் வலை: நட்பான அழைப்பு

மதில் கட்டி முடிகிற நேரம். வாயில்களுக்குக் கதவு மாட்டுவதுதான் பாக்கி. சன்பலாற்றும் கெசேமும் ஆள் அனுப்புகிறார்கள்: ஓனோ சமவெளியில் ஓர் ஊரில் சந்தித்துப் பேசுவோம், வாரும். ஓனோ கடற்கரைப் பக்கம், லோது ஊருக்கு அருகே இருக்கிறது. போய்வரச் சில நாள் ஆகும். அங்கே நெகேமியாவுக்கு ஆதரவாக யாரும் இல்லை. அவர்கள் தமக்குத் தீங்கு செய்யவே நினைக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் அனுப்பிய பதில் சுருக்கமானது. பெரிய வேலை ஒன்றில் இருக்கிறேன், அதை விட்டு இறங்கி வர இயலாது. அவ்வளவுதான். "நீங்கள் கொலைகாரர்கள், உங்கள் திட்டம் எனக்குத் தெரியும்" என்று அவர் கத்தவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய்யும் சொல்லவில்லை. சொன்னது உண்மை, ஆனால் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லவில்லை. நான்கு முறை ஆள் வந்தது. நான்கு முறையும் அதே பதில்தான் போயிற்று.

நம்மில் நல்லவர்கள் பலர் இங்கேதான் விழுகிறோம். முதல் முறை மறுத்துவிடுவோம், இரண்டாம் முறையும் மறுப்போம். நான்காம் முறை, "இவ்வளவு தூரம் கேட்கிறாரே, மறுத்தால் என்ன நினைப்பாரோ" என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். மறுப்பது பாவம் என்று நமக்குள் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பாவம் அல்ல. பொய் சொல்லக் கூடாது என்பது எட்டாம் கட்டளை. நம் மனத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிறவருக்கெல்லாம் திறந்து காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. உண்மையை அறியும் உரிமை இல்லாதவரிடம் அதை வெளிப்படுத்த யாரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது (எண் 2489). "என்னால் இயலாது" என்பது முழுமையான, உண்மையான, மரியாதையான பதில். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

இரண்டாம் வலை: ஊர் வாய்

ஐந்தாம் முறை வேலைக்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். அந்தக் கடிதம் திறந்திருந்தது. கடிதத்தை முத்திரையிட்டு அனுப்புவதே அக்கால வழக்கம். திறந்து அனுப்பினால் வழியில் எல்லாரும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அனுப்பினார்கள். நெகேமியா கலகம் செய்யப் பார்க்கிறார், தம்மை அரசர் என்று அறிவிக்கப் போகிறார் என்று மக்களிடையே பேச்சு இருப்பதாகவும், கெசேமும் அப்படியே சொல்வதாகவும் அதில் எழுதியிருந்தது. இது மன்னரின் காதுக்குப் போகும், ஆகவே வாரும், கலந்து பேசலாம் என்று கடிதம் முடிகிறது. மிரட்டலும் அழைப்பும் ஒரே தாளில்.

இன்று அந்தத் திறந்த கடிதம் நம் கைப்பேசிக்கு வருகிறது. "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று தொடங்கும். சொன்னவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு பெண்ணின் பெயரோ, ஒரு குடும்பத்தின் மானமோ, பங்குக் குழு உறுப்பினரின் நேர்மையோ ஒரே மாலையில் கிழிந்துபோகும்.

நெகேமியா என்ன செய்தார்? நீர் சொல்கிறபடி எதுவும் நடக்கவில்லை, அது உம் கற்பனை என்று ஒரே முறை மறுத்தார். பிறகு, தம் கைகளை வலுப்படுத்துமாறு இறைவனை வேண்டினார். பிறகு வேலைக்குத் திரும்பினார். மறுப்பு, மன்றாட்டு, வேலை என்ற வரிசை நமக்கும் உதவும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பெரியவர்கள் கண்ட உண்மை. ஒவ்வொரு வதந்திக்கும் ஓடி ஓடிப் பதில் சொன்னால், மதில் வேலை நின்றுவிடும். எதிரிக்கு வேண்டியதும் அதுதான். அதற்காக, அவதூறு பெரிய தீங்கு விளைவிக்கும்போது சட்டத்தின் உதவியை நாடக் கூடாது என்று பொருள் அல்ல. புனித பவுலும் தம் உரோமைக் குடியுரிமையை எடுத்துச் சொல்லிக் கசையடியைத் தடுத்தார் (திப 22:25).

மூன்றாம் வலை: பக்தி உடை உடுத்திய பயம்

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. செமாயா என்பவரின் வீட்டுக்கு நெகேமியா போகிறார். செமாயா இறைவாக்குப்போலப் பேசுகிறார்: இன்றிரவு உம்மைக் கொல்ல வருகிறார்கள், வாரும், கோவிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்வோம். கேட்பதற்கு எவ்வளவு பக்தியான ஆலோசனை! ஆபத்தில் ஆண்டவரின் இல்லத்தில் அடைக்கலம் புகுவது தவறா?

நெகேமியா நின்று யோசித்தார். தம்மைப் போன்ற பொறுப்பில் உள்ளவர் ஓடி ஒளிந்தால் மதிலில் நிற்கும் மக்கள் என்ன ஆவார்கள்? குருக்களுக்கு மட்டுமே உரிய தூயகத்தினுள் பொதுநிலையினராகிய தாம் நுழைவது கடவுளின் சட்டத்தை மீறுவது ஆகாதா? கடவுள் கொடுத்த பணியைக் கைவிடச் சொல்கிற குரல், கடவுள் தந்த சட்டத்தை மீறச் சொல்கிற குரல், கடவுளின் குரலாக இருக்க முடியாது. தோபியாவும் சன்பலாற்றும் கூலி கொடுத்துச் செமாயாவைப் பேசவைத்தார்கள் என்பது அப்போது அவருக்குத் தெளிவாயிற்று (நெகே 6:12).

இதைத்தான் திருஅவை 'தெளிந்து தேர்தல்' என்கிறது. ஆண்டவர் பெயரைச் சொல்லி வருகிற எல்லாமே ஆண்டவரிடமிருந்து வருவதில்லை. தூண்டுதல்கள் கடவுளிடமிருந்து வருகின்றனவா என்று சோதித்துப் பார்க்கத் தூய யோவான் தம் முதல் திருமுகத்தில் கேட்டுக்கொள்கிறார் (1 யோவா 4:1). "உங்கள் வீட்டில் சாபம் இருக்கிறது, இவ்வளவு பணம் கொடுத்தால் கட்டு அவிழும், வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அவர் கையில் விவிலியம் இருந்தாலும் நாம் நெகேமியாவைப் போல நின்று யோசிக்க வேண்டும்.

தெளிந்து தேர்வதில் நமக்குப் பெரிய ஆசான் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்த மாதங்களில் தம் உள்ளத்தின் அசைவுகளைக் கவனித்துக் கற்றதை அவர் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் விதிகளாகத் தந்திருக்கிறார். மனம் கலங்கி இருளாக இருக்கும் வேளையில், முன்பு தெளிவான மனத்தோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது ஒரு விதி. தீய ஆவி, பெண்ணை ஏமாற்ற வரும் கள்ளக் காதலன் போன்றது, தன் பேச்சு அவள் தந்தைக்கோ கணவருக்கோ தெரியாமல் இரகசியமாகவே இருக்க வேண்டும் என்று விரும்பும் என்பது மற்றொரு விதி. நல்ல ஆன்ம குருவிடம் அதைச் சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்துவிடும் என்கிறார் இஞ்ஞாசியார்.

ஆகவே யாராவது நம்மிடம் ஏதாவது கேட்கும்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுப் பார்ப்போம். இது நம்மை அவசரப்படுத்துகிறதா? இதை மறைக்கச் சொல்கிறதா? நம் கடமையை, நம் மனச்சான்றை விட்டு இறங்கச் சொல்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் கொஞ்சம் நிற்போம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வோம். ஒரு நாள் பொறுத்தால் கெட்டுப்போகிற நல்ல காரியம் அநேகமாக எதுவும் இல்லை. ஏமாற்று வேலைதான் மறுநாள் வரை தாங்காது.

மன்னித்தார், ஆனால் திரும்பிப் போகவில்லை

இதுவரை பேசியது பாம்பின் முன்மதியைப் பற்றி. புறா எங்கே?

உண்மையைச் சொல்ல வேண்டும். நெகேமியா தம் எதிரிகளின் பாவத்தை மன்னிக்க வேண்டாம் என்றே இறைவனிடம் மன்றாடினார். அவர் அவ்வளவு தூரம்தான் வந்தார். பகைவரிடம் அன்பு கூரவும், துன்புறுத்துவோருக்காக வேண்டவும் சொன்ன இயேசு நம்மை இன்னும் தூரம் அழைத்துப் போகிறார் (மத் 5:44). இங்கேதான் பலருக்குக் குழப்பம். மன்னிக்க வேண்டும் என்றால் மறுபடியும் பணம் கொடுக்க வேண்டுமா? மறுபடியும் அடிவாங்க அந்த வீட்டுக்குள் போக வேண்டுமா?

தாவீதைப் பாருங்கள். தம்மைக் கொல்லத் தேடிய சவுல், ஏன்கெதியில் ஒரு குகைக்குள் தனியாக வந்தபோது, தாவீது அவருடைய மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தார், அவரைத் தொடவில்லை. சவுல் அழுதார், தம் தவற்றை ஒத்துக்கொண்டார். அதன்பின் சவுல் வீட்டுக்குப் போனார், தாவீதோ தம் ஆள்களோடு பாதுகாப்பான இடத்துக்குப் போனார் (1 சாமு 24:22). சவுல் மறுபடியும் துரத்திக்கொண்டு வந்தார். மறுபடியும் தாவீது அவரை உயிரோடு விட்டார். இந்த முறை சவுல், "மகனே, திரும்பி வா" என்ற பொருளில் அழைக்கவும் செய்தார். தாவீது, சவுலின் ஈட்டியைக் கொண்டுபோக ஓர் இளைஞரை அனுப்பச் சொன்னார். தாமாக அதை எடுத்துக்கொண்டு அருகில் போகவில்லை. தம் வழியே போய்விட்டார் (1 சாமு 26).

தாவீது சவுலைப் பழிவாங்கவில்லை, வெறுக்கவில்லை, சவுல் இறந்தபோது மனம் உடைந்து அழுதார். ஆனாலும் சவுலின் கைக்கெட்டும் தூரத்துக்குத் திரும்பப் போகவில்லை. மன்னிப்பு வேறு, நம்பி ஒப்படைப்பது வேறு. மன்னிப்பை ஆண்டவர் நம்மிடம் கேட்கிறார், அதை எதிரே இருப்பவரின் தகுதி பார்க்காமல் கொடுக்கிறோம். நம்பி ஒப்படைப்பதற்கோ அவர் மாறியிருக்கிறார் என்பதற்கான அடையாளம் வேண்டும், காலமும் வேண்டும். எகிப்தில் யோசேப்பு தம் சகோதரரைக் கண்டதும் தனியே போய் அழுதார், ஆனாலும் அவர்களைச் சோதித்துப் பார்த்த பிறகே தம்மை வெளிப்படுத்தினார். நம் ஆண்டவரும், எருசலேமில் பலர் தம் பெயரில் நம்பிக்கை வைத்தபோதும், மனிதரின் உள்ளத்தை அறிந்திருந்ததால் அவர்களை நம்பித் தம்மை ஒப்படைத்துவிடவில்லை என்று யோவான் எழுதுகிறார் (யோவா 2:24).

வீட்டுக்குள் வன்முறையைத் தாங்கிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும், பயத்தோடு வளரும் பிள்ளைகளுக்கும் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "சிலுவையாக ஏற்றுக்கொள்" என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும், அது திருஅவையின் போதனை அல்ல. வலுக்குறைந்த துணையையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காப்பாற்றப் பிரிந்து வாழ்வது சில வேளைகளில் ஒழுக்க முறைப்படி தேவையானதாகவே ஆகிவிடும் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டில் எடுத்துக்காட்டுகிறார் (எண் 241). ஒடுக்குகிறவரை அன்புசெய்வது என்றால் அவர் தொடர்ந்து ஒடுக்க விட்டுவிடுவது அல்ல என்று 2020-இல் வந்த 'அனைவரும் உடன்பிறந்தோர்' திருமடலிலும் அவர் விளக்குகிறார். ஒருவரை மேலும் மேலும் பாவம் செய்ய விட்டுவிடுவது அவர்மேல் காட்டும் அன்பு அல்ல. நம் நாட்டில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற உதவி எண்கள் உண்டு. அவற்றை அழைப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அதுவும் நெகேமியா வைத்த காவலைப் போன்றதுதான்.

ஓநாய் எந்தப் பக்கம்?

இந்த மறையுரையைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் நான்கைந்து பேரின் பெயரை எழுதி, "இவர்கள்தான் ஓநாய்கள்" என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆபத்து நமக்கு உண்டு. நமக்குப் பிடிக்காதவர் எல்லாரும் எதிரிகள் அல்லர். நம் தவற்றைச் சுட்டிக்காட்டுகிறவர் பல வேளைகளில் நம் நண்பர்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் இதற்காகவே அந்த இடத்தில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. வெளியே சன்பலாற்று வாளோடு நிற்கும்போது, உள்ளே ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. அது சன்பலாற்றுக்கு எதிரானது அல்ல. சொந்த இனத்தாரே வட்டிக்குக் கடன் கொடுத்து, வயல்களை ஈடாக வாங்கி, பிள்ளைகளை அடிமைகளாக்கிவிட்டார்கள் என்பதே அவர்கள் முறையீடு. நெகேமியா கோபம் கொண்டார், சபையைக் கூட்டினார். அங்கே அவர் மறைக்காமல் ஒன்றை ஒத்துக்கொண்டார்: தாமும் தம் சகோதரரும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதாகச் சொன்னார், இனி இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்றார் (5:10). மதிலுக்கு வெளியே உள்ள கபடத்தைக் கண்டுபிடித்த அதே கண், மதிலுக்கு உள்ளே உள்ளதையும், தம் கையில் உள்ளதையும் பார்த்தது.

நாமும் பார்ப்போம். கூடப்பிறந்தவரிடம் நாம் நீட்டிய பத்திரம் நேர்மையானதா? "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று நாம் அனுப்பிய செய்தி எத்தனை? ஆண்டவர் பெயரைச் சொல்லி நாம் யாரையாவது பயமுறுத்தினோமா? முன்மதி முதலில் கண்டுபிடிக்க வேண்டிய பொய் நம் சொந்தப் பொய்தான்.

முடிவு யார் கையில்?

முன்மதியோடு நடந்தால் எப்போதும் தப்பிவிடலாமா? அப்படி ஆண்டவர் வாக்களிக்கவில்லை. இங்கிலாந்தின் புனித தாமஸ் மூர் தேர்ந்த சட்ட வல்லுநர். மன்னர் எட்டாம் ஹென்றி திருஅவையின் தலைவராகத் தம்மை ஆக்கிக்கொண்டபோது, மூர் தம் மனச்சான்றுக்கு எதிரான உறுதிமொழியை எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பேசாதிருப்பதைச் சட்டம் குற்றமாகக் கொள்ளாது என்று அவர் அறிந்திருந்தார். கடைசியில் ஒரு பொய்ச் சாட்சி அவரை வீழ்த்தியது. 1535 ஜூலை 6-இல் தலை வெட்டப்பட்டார். ஆனால் தீர்ப்புச் சொன்னவர்களைப் பார்த்து, விண்ணகத்தில் நாம் எல்லாரும் மகிழ்ச்சியோடு சந்திப்போம் என்ற நம்பிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். பாம்பின் முன்மதி அவர் உயிரைக் காக்கவில்லை. புறாவின் தூய்மை அவர் உள்ளத்தைக் காத்தது. வஞ்சகர் நம்மிடமிருந்து பணத்தைப் பறிக்கலாம், பெயரைப் பறிக்கலாம். நம்மையும் வஞ்சகராக மாற்றினால்தான் அவர்கள் முழுமையாக வென்றவர்கள் ஆவார்கள்.

எருசலேமின் மதில் எலூல் மாதம் 25-ஆம் நாள், 52 நாள்களில் கட்டி முடிக்கப்பட்டது. சன்பலாற்று மனம் மாறினார் என்று நூலில் எங்கும் இல்லை. தோபியாவும் கடிதம் எழுதிப் பயமுறுத்துவதை நிறுத்தவில்லை. எதிரிகள் அப்படியேதான் இருந்தார்கள், ஆனாலும் வேலை முடிந்தது.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் ஒன்று செய்வோம். நமக்குத் தீங்கு நினைக்கிற ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவருக்காக ஒவ்வொரு நாளும் ஓர் அருள்நிறை மரியே சொல்வோம். அதே வேளையில், அவர் விஷயத்தில் நாம் வைக்க வேண்டிய காவல் எது என்றும் யோசித்து, அதைத் தள்ளிப்போடாமல் வைப்போம். பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவது அந்தக் காவலாக இருக்கலாம். ஒரு மரியாதையான மறுப்பாக இருக்கலாம். பங்குத்தந்தையிடமோ, நல்ல நண்பரிடமோ இதுவரை சொல்லாததைச் சொல்வதாக இருக்கலாம்.

ஆண்டவரே, வஞ்சகத்தைக் கண்டுகொள்ளும் கண்களை எங்களுக்குத் தாரும். வஞ்சகம் கலவாத உள்ளத்தையும் தாரும். எங்களுக்குத் தீங்கு செய்வோரை உம் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். நீர் எங்களுக்குத் தந்த வேலையை விட்டு நாங்கள் இறங்கிவிடாதபடி எங்கள் கைகளை வலுப்படுத்தும். ஆமென்.